சிவந்து போன சிறுநீரும் எங்கள் சூட்டு வைத்தியமும்

இன்று நான் சிறுநீரைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். காத்திருக்கிறேன்.

பயிற்சி முடித்துப் புதுக் காக்கிச் சட்டையோடு தீயணைப்பு நிலையத்துக்குள் நுழையும் உங்களிடம் மற்றவர்கள் ஏணியைப் பற்றிப் பேசுவார்கள். கிணற்றில் விழுந்த மாட்டை மேலே தூக்கிய கதையைச் சொல்வார்கள். அதெல்லாம் நல்ல கதைகள்தாம், என்னிடமும் நிறைய இருக்கின்றன. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் நிலையம் நிலையமாக மாறி, கடைசியில் நிலைய அலுவலராக ஓய்வு பெற்றவன் நான். என் காலத்தில் என் நிலையத்தில் நெருப்புக்குள் விழுந்து செத்தவர் என்று ஒருவரும் இல்லை. புகை உள்ளே போய், சத்தம் போடாமல் வருடக்கணக்கில் தங்கி, பிறகு ஆளைத் தின்றதைத்தான் பார்த்தேன். அதைச் சொல்ல வேண்டுமானால் சிறுநீரில்தான் தொடங்க வேண்டும். வெட்கப்பட்டால் ஆகாது.

இந்தக் கதையில் இரண்டு பேர். பெயர்கள் வேண்டாம். ஒருவர் முன்னணித் தீயணைப்பாளர், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். உள்ளே நுழைவதில் முதல் ஆள். நிலையத்தில் எல்லோரும் அவரை ‘முன்னணி’ என்றே கூப்பிடுவோம். இன்னொருவர் எங்கள் வண்டியின் ஓட்டுநர், திருச்செங்கோட்டுப் பக்கம். வயதில் எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். அவர் வண்டியை வேறு யாரும் தொடக்கூடாது. வெள்ளிக்கிழமை தோறும் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டுத்தான் காலைச் சாப்பாட்டில் கை வைப்பார்.

நம் ஊரில் எதற்கும் சூடுதான் காரணம். கண் சிவந்தால் சூடு, வாயில் புண் வந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு. நிழலில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களே அப்படிச் சொல்லும்போது, நெருப்புக்கு முன்னால் நின்று சம்பளம் வாங்குகிற நமக்குக் கேட்கவா வேண்டும்? எங்கள் நிலையத்தில் சூட்டு வைத்தியர் அந்த ஓட்டுநர்தான். இரவில் ஊறப்போட்ட வெந்தயத் தண்ணீர், இளநீர், சோற்றுக் கற்றாழை, சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், நீர்க்கடுப்பு என்றால் கால் பெருவிரல் நகத்தில் சுண்ணாம்பு. எல்லாவற்றுக்கும் அவரிடம் கணக்கு உண்டு. நாங்களும் குடித்தோம், தடவிக்கொண்டோம். கடுப்பு நிஜமாகவே குறையும். அதனால் அவர் சொன்னதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை.

ஒரு கோடைக்காலத்து நண்பகல், நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் ஒரு டயர்ப் பட்டறை பற்றிக்கொண்டது. தேய்ந்துபோன லாரி டயருக்குப் புது ரப்பர் ஒட்டிக் கொடுக்கும் இடம். டயர் எரிந்து நீங்கள் இன்னும் பார்த்திருக்க மாட்டீர்கள். அந்தப் புகை மேலே போகாது, ஆளைத் தேடி வரும். முன்னணி மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அதுவரை சரி. தீநாக்கு அடங்கியதும் வெளியே வந்து முகமூடியைக் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு, வெறும் முகத்தோடு திரும்ப உள்ளே போய் டயர்க் குவியலைக் கிளறத் தொடங்கினார். அவர் மட்டுமல்ல, நாங்கள் எல்லோரும் அப்படித்தான். கண்ணாடியில் வியர்வை வழிகிறது, ஒன்றும் தெரியவில்லை, அதுதான் தீ அணைந்துவிட்டதே என்போம். கண்ணுக்குத் தெரியும் தீக்குத்தான் நாம் பயப்படுவோம். புகைந்துகொண்டு கிடக்கும் குவியல்தான் மோசமானது என்பது அப்போது எங்கள் யார் புத்தியிலும் ஏறவில்லை.

கிளறி முடித்ததும் பட்டறைக்காரர் டீயும் போண்டாவும் கொண்டுவந்தார். அதுவும் நம் வழக்கம். தீயை அணைத்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப இந்தப் பக்கத்து ஆட்களுக்கு மனசு வராது. கரி அப்பிய விரல்களோடு, புகைகிற இடத்துக்கு நாலடி தள்ளிக் குந்தி உட்கார்ந்து தின்றோம். மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வந்தது. அதைக் காட்டிச் சிரித்துக்கொண்டோம்.

முன்னணி சுற்றுச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கப் போனவர், திரும்பி வந்து நேராக ஓட்டுநரிடம் போனார். அவர்கள் பேசிக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரியும்.

“அண்ணா, செகப்பா போவுது. வலி ஒண்ணும் இல்ல.”

“வலிக்கலீல்ல? அப்பறம் என்னத்துக்கு மொகத்தத் தொங்கப் போட்டுட்டு நிக்கற? அத்தன டயரு எரிஞ்சுது, ஒடம்பு காஞ்சு போச்சு. சூடுதான். எனக்கும்தான் வந்துது. வெந்தயத் தண்ணி குடிச்சேன், நின்னு போச்சு.”

முன்னணியும் குடித்தார். இரண்டொரு நாளில் நின்றுவிட்டது. வைத்தியம் பலித்துவிட்டது என்று நம்பினார். யார்தான் நம்பமாட்டார்கள்?

சில மாதம் கழித்து மறுபடி வந்தது. இந்த முறை நிலையக் குடியிருப்பில், வீட்டில் வைத்து. தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டுப் போனதை அவர் மனைவி பார்த்துவிட்டார். இளம்பிள்ளையில் சேலை நெய்கிற குடும்பத்துப் பெண். கணவருக்கு அண்ணன் முறை ஓட்டுநர், வெந்தயம் அவர் சொன்ன மருந்து, மாமியாரும் அதையே சொல்கிறார். எதையும் காதில் வாங்கவில்லை. நேராக என் அறைக்கு வந்து நின்றார்.

“ஐயா, இவருக்கு லீவு குடுங்க. ஒண்ணுக்குப் போனா சாயத் தண்ணியாட்டப் போகுதுங்க. கேட்டா சூடுங்கறாரு. எனக்குப் பயமா இருக்குதுங்க.”

“இன்றைக்கே போகட்டும்மா” என்றேன். முன்னணி என் மேசைக்கு அந்தப் பக்கம் நெளிந்துகொண்டு நின்றார். போகிற இடத்தைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. குழாய் விடுவார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எரிகிற கட்டடத்துக்குள் யோசிக்காமல் நுழைகிற மனிதர், அதற்கு நடுங்கினார்.

குழாய்தான் விட்டார்கள். நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாய், சிறுநீர் வரும் வழியாகவே. சிறுநீர்ப்பையின் உள்சுவரில் சின்னதாக ஒரு வளர்ச்சி. வெளியே கத்தி வைக்காமல், அதே வழியாகச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் என்று வந்தது. சுவரின் மேல்தோலோடு நின்றிருந்தது, ஆழமாக இறங்கவில்லை.

நான் சேலத்துக்குப் போய் அந்த மருத்துவரைப் பார்த்தேன். இளம் வயது, அவசரமில்லாமல் பேசுவார். அவர் முதலில் கேட்டது, “பீடி, சிகரெட் உண்டா?”

“தொட்டதில்லை” என்றேன்.

“அப்ப வேலையைப் பத்திச் சொல்லுங்க.”

சொன்னேன். முகமூடி, கிளறல், டீ, போண்டா எல்லாம். அவர் போண்டாவில் நிறுத்தினார். “கையக் கழுவாமயா?” என்றார். பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். புகையோடு உள்ளே போகிற விஷத்தை உடம்பு ரத்தத்திலிருந்து பிரித்துச் சிறுநீரில் தள்ளுகிறது. மூக்கு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் வாய் வழியாகவும் அது போகும். அந்தச் சிறுநீர் பைக்குள் கிடக்கிற நேரமெல்லாம் உள்சுவர் அதில் ஊறுகிறது. நாம் என்ன செய்கிறோம்? தீ அழைப்பு என்றால் தண்ணீர் குடிக்க மறந்து, ஒதுங்கவும் நேரமில்லாமல் பல மணி நேரம் அடக்கி வைத்திருக்கிறோம்.

“வலி இருந்திருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பார் சார். வலியில்லாம ரத்தம் வர்றதுதான் இதுல கெட்டது. தானா வரும், தானா நிக்கும். நின்னதும், குடிச்சது எதுவோ அதுதான் நிறுத்துச்சுன்னு நினைச்சுக்குவாங்க.”

“இந்த வேலையால்தான் வந்தது என்று சொல்லலாமா?” என்று கேட்டேன்.

“ஒரு ஆளைக் காட்டி, இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா நெருப்பணைக்கிற வேலையே புற்றுநோய் உண்டாக்கும்னு உலக அளவுல டாக்டர்கள் ஒத்துக்கிட்டாங்க. சந்தேகம் வேண்டாம்.”

சுரண்டி எடுத்ததோடு வேலை முடியவில்லை. வாரம் ஒருமுறை பைக்குள் மருந்து செலுத்தினார்கள். குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் போடுகிற தடுப்பூசி இருக்கிறதல்லவா, அந்த இனத்து மருந்துதான் இதற்கும் என்று தெரிந்து முன்னணிக்கு ஒரே ஆச்சரியம். செலுத்திய பிறகு இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு, புரண்டு புரண்டு படுக்க வேண்டும். எரிச்சல், காய்ச்சல் எல்லாம் வந்தது. முடிந்த பிறகும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதே குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். நடுவில் ஒருமுறை திரும்ப முளைத்தது, திரும்ப எடுத்தார்கள். இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறார். போகும்போதெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே போகிறார். திட்டட்டும், உயிரோடு இருந்து திட்டுகிறார்.

நிலையத்துக்குத் திரும்பியதும் நான் சில விஷயங்களை மாற்றினேன். கிளறி முடியும் வரை மூச்சுக் கருவி முகத்தில் இருக்க வேண்டும். வெளியே வந்ததும் அதே இடத்தில் வண்டித் தண்ணீரில் உடம்பைக் கழுவ வேண்டும். கழுத்து, கை, முகம் சோப்பு போட்டுக் கழுவாமல் வாயில் எதுவும் வைக்கக் கூடாது. புகை படிந்த மேல்சட்டை ஆட்கள் உட்காரும் இடத்தில் ஏறக் கூடாது, பையில் கட்டித் தனியாக வர வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கும். நடத்திப் பாருங்கள், தெரியும்.

நாமக்கல்லுக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணையில் தீவனக் கிடங்கு எரிந்தது. அணைத்து முடித்தோம். பண்ணைக்காரர் குடம் நிறைய மோர் கொண்டுவந்து தம்ளரில் ஊற்றி நீட்டினார். யாரும் வாங்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்கள். அவர் முகம் மாறிவிட்டது.

“ஏனுங்க, எங்கூட்டு மோரு உங்களுக்கு ஆகாதுங்களா?”

நம் ஊரில் அந்தக் கேள்விக்கு என்னென்ன அர்த்தம் உண்டு என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் நீட்டியதை வாங்காமல் போவது லேசான அவமானம் இல்லை. எங்கள் ஆட்களுக்கும் தர்மசங்கடம். ஒருவர் கையை நீட்டியேவிட்டார். நான் அந்தக் கையைப் பிடித்துப் பண்ணைக்காரர் முன்னால் திருப்பிக் காட்டினேன். “இந்தக் கரியோடு குடித்தால் மோரோடு சேர்த்து உங்கள் கிடங்கையும் குடிப்பான் ஐயா. கழுவிவிட்டுக் குடிக்கட்டும், ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டான்” என்றேன். அவர் கையைப் பார்த்தார். பிறகு தானே போய் மோட்டாரைப் போட்டுவிட்டு, சோப்புக் கட்டியையும் எடுத்துவந்தார். அன்றைக்கு ஒருநாள்தானே என்று நான் விட்டுக்கொடுத்திருந்தால், அடுத்த அழைப்பிலேயே பழைய கதை திரும்பியிருக்கும்.

ஓட்டுநருக்கு மட்டும் இதெல்லாம் வேடிக்கை. “ஏனுங்க ஐயா, பொண்ணு பாக்கப் போறாப்பல மொகத்தத் தேச்சுத் தேச்சுக் கழுவச் சொல்றீங்க” என்பார். எல்லோருக்கும் சிறுநீர்ச் சோதனை ஏற்பாடு செய்தேன். அன்றைக்கு அவர் விடுப்பு. ஒறம்பரை வீட்டில், அதாவது சொந்தக்காரர் வீட்டில், காது குத்து என்றார்.

பிறகு ஒருநாள் காலையில் முன்னணியிடமிருந்து தொலைபேசி வந்தது. மருந்து செலுத்திப் படுக்க வைத்திருக்கிறார்கள், அங்கிருந்தே பேசுகிறார்.

“சார், சும்மா படுத்துக் கெடக்கறப்ப நெனப்பு வந்துச்சு. அன்னைக்கு டயருப் பட்டறையில அண்ணன், எனக்கும் வந்துச்சு, நின்னுபோச்சுன்னு சொன்னாரு சார். நான் என் கவலையில அத வுட்டுட்டேன். அவர உடனே கூட்டிக்கிட்டு வாங்க சார்.”

வண்டிக் கொட்டகைக்குப் போனேன். ஓட்டுநர் வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். துடைக்கிற துணி கையில் இருந்தது, துடைக்கவில்லை. அன்றைக்குத்தான் அவர் முகத்தை நான் சரியாகப் பார்த்தேன். உதட்டில் ரத்தமே இல்லை.

“உங்களுக்கும் சிவப்பாகப் போகிறதா?” என்று நேராகவே கேட்டேன்.

“யாரு சொன்னது? அவனா?” என்றார். பிறகு துணியை மடித்துக்கொண்டே சொன்னார். “வரும், போகும். அதுபாட்டுக்கு அதுங்க. இப்ப கொஞ்ச நாளாத்தான் கட்டி கட்டியாப் போகுது.”

“கிளம்புங்கள், சேலம் போகலாம்.”

“வேண்டாமுங்க ஐயா. போனா வேலைக்கு அன்பிட்டுன்னு எழுதிப்போடுவாங்க. என்னையக் கொண்டுபோயி டெலிபோன்கிட்ட உக்கார வெப்பீங்க. வண்டிய உட்டுப்போட்டு நான் என்னத்தப் பண்றதுங்க?”

அவருக்கு நோயின் பெயர் தெரியாமல் இல்லை. முன்னணியின் படுக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தவர்தானே. ஆனால் அவர் பயந்தது சாவுக்கு அல்ல, அந்த இருக்கையை இழப்பதற்கு. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் உங்களிலும் பலர் நாளைக்கு அப்படித்தான் பயப்படுவீர்கள்.

நான் அடுத்த வார்த்தை சொல்வதற்குள் மணி அடித்தது. தேங்காய் நார் மில்லில் தீ. ஆட்கள் ஓடிவந்தார்கள். ஓட்டுநர் துள்ளி எழுந்தார். எழுந்தவர் தடுமாறி, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணை மூடித் திறந்தார். ஒரு நொடிதான்.

“சாவியைக் கொடுங்கள்” என்றேன்.

“ஐயா, பெல் அடிச்சிருச்சுங்க.”

“கொடுங்கள்.”

“நாரு, ஐயா. சித்த நேரம் தாமசிச்சா எல்லாம் போயிரும்.”

அவர் சொன்னது உண்மை. நார் மில் என்றால் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அவரைப் போல் அந்தச் சாலையில் வண்டியை ஓட்ட மாவட்டத்திலேயே ஆள் கிடையாது. ஆனால் வண்டி நிறைய ஆட்களையும் தண்ணீரையும் வைத்துக்கொண்டு, லாரிகள் பறக்கிற நெடுஞ்சாலையில் அந்தக் கண் இன்னொரு முறை மூடினால்? கையிலிருந்து சாவியை வாங்கினேன். பிடுங்கினேன் என்றே சொல்லலாம். கனரக ஓட்டுநர் உரிமம் வைத்திருந்த தீயணைப்பாளர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பதற்றத்தில் கியரைக் கடித்துக்கொண்டு வண்டியை வெளியே எடுத்தார். நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன், பக்கக் கண்ணாடியில் ஓட்டுநர் தெரிந்தார். காலிக் கொட்டகையில் துணியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். அவர் இல்லாமல் அந்த வண்டி தீ அழைப்புக்குப் போனது அதுதான் முதல் தடவை.

தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம். மில்லில் ஒரு கொட்டகை முழுதாகப் போய்விட்டது. அவர் ஓட்டியிருந்தால் ஒருவேளை மிஞ்சியிருக்கலாம். மேலிடத்தில் விளக்கம் கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன். உங்களில் சிலர் நிலைய அலுவலர் ஆவீர்கள். மணி அடிக்கும்போது ஒருவரை நிறுத்த வேண்டிய நாள் உங்களுக்கும் வரும். எல்லோரும் உங்களைக் கல் நெஞ்சக்காரன் என்பார்கள். நிறுத்துங்கள். எரிந்த கொட்டகையைத் திரும்பக் கட்டிக்கொள்ளலாம்.

மறுநாள் காலையில் முன்னணியே பேருந்து பிடித்து வந்துவிட்டார். முந்தின நாள் மருந்தின் எரிச்சல் இன்னும் போகவில்லை, காலை அகட்டித்தான் நடந்தார். ஓட்டுநர் என்னோடு பேசவில்லை, அவரோடும் பேசவில்லை. “வா அண்ணா. நான் படுத்த எடம்தான். உனக்கும் ஒரு பெட்டு புடிச்சு வெச்சுட்டுத்தான் வந்திருக்கறேன்” என்று முன்னணி கையைப் பிடித்ததும், கோபித்துக்கொண்ட குழந்தை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டே எழுந்து போனார்.

அவருக்கு அது சுவரைத் துளைத்துத் தசைக்குள் இறங்கி, வெளியேயும் பரவியிருந்தது.

உள்ளேயே நுழையாத ஓட்டுநருக்கு எப்படி வந்தது என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். யோசித்துப் பாருங்கள். நாம் புகை தாங்காவிட்டால் வெளியே ஓடிவருவோம். ஓட்டுநர் வண்டியை விட்டு நகரக் கூடாது. பம்ப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அவர் நின்றாக வேண்டும். வெளியில் இருப்பவருக்கு எதற்கு என்று அவருக்கு மூச்சுக் கருவி கொடுப்பதில்லை. எரிகிறதன் புகையும் அவருக்கு, வண்டியின் டீசல் புகையும் அவருக்கு. இளமையில் பீடியும் குடித்தவர். எந்தப் புகை என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். ஆகவே ஓட்டுநர் வேலைக்கு வந்திருப்பவர்கள் இதை எழுதிக்கொள்ளாவிட்டாலும் மனதில் வையுங்கள்: காற்று வரும் பக்கத்தில் வண்டியை நிறுத்துங்கள். காற்று திரும்பினால் வாய்விட்டுக் கேளுங்கள், உங்களுக்கும் முகமூடி வேண்டும் என்று. உங்களில் பெண்களும் இருக்கிறீர்கள். ரத்தத்தைப் பார்த்ததும் மாதவிலக்காக இருக்கும் என்று தள்ளிவிடாதீர்கள். சந்தேகம் என்றால் சோதித்துவிடுங்கள்.

முதலில் பையையே எடுத்துவிடுவது பற்றிப் பேசினார்கள். பரவியிருந்ததால் அதைக் கைவிட்டு, ஊசி வழியாக மருந்து கொடுத்தார்கள். கொஞ்ச காலம் நன்றாக இருந்தார். ரத்தம் நின்றது, சாப்பிட்டார், மகளின் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அந்த மாதங்கள் மருந்து கொடுத்த மாதங்கள், அவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பிறகு எலும்பில் வந்தது.

கடைசியில் நிலையத்து ஆட்கள் எல்லோரும் மருத்துவமனைக்குப் போனோம். என்னோடு அதுவரை சரியாகப் பேசாதவர், அன்றைக்கு என்னைப் பார்த்ததும் கேட்டார்.

“வண்டி எப்படி ஓடுதுங்க? அவன் கியரக் கடிக்காமப் போடறானுங்களா?”

“உங்களை மாதிரி வராது” என்றேன்.

“வராது” என்றார், சந்தோஷமாகவே. பிறகு கட்டிலைச் சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்து, அடுத்த படுக்கைகளுக்கும் கேட்கிறாற்போல் சொன்னார். “டேய், ஒண்ணுக்குப் போனாக் குனிஞ்சு பாருங்கடா. நான் தெனமும் பாத்தேன். பாத்தத ஒரு டாக்டருகிட்டச் சொல்றதுக்கு வாய் வரல. நீங்க சொல்லிப்போடோணும். வெந்தயத்தப் போட்டுக் கொன்னுபோடாதீங்க.”

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார். ஓட்டுநரும் சிரித்தார். முன்னணி மட்டும் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அடுத்த வாரம் ஓட்டுநர் இறந்தார்.

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய தலைக்கவசம், பூட்ஸ், மேல்சட்டை எல்லாம் நிலையத்துக்குத் திருப்பி எடுக்க வேண்டும். இப்போதே வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். ஆனால் அவர் மனைவி எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்து மடித்து வைத்திருந்தார். வீட்டில் இருந்த காக்கிகளும் அதோடு இருந்தன.

“மூணு தண்ணி மாத்துனேனுங்க. கடைசித் தண்ணியும் கறுப்பாத்தான் வந்துது” என்றார்.

துணி வாசம் அடித்தது. சோப்புக்குக் கீழே பழைய புகை இன்னும் இருந்தது. நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன். அவர் நின்றுகொண்டே கேட்டார்.

“ஐயா, ஆஸ்பத்திரியில வெச்சு அந்த முன்னணிப் பையன் சொன்னான், பொகை துணியிலயும் நிக்கும், தோல் வழியாவும் போகும்னு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதெல்லாம் நாந்தானுங்க தொவைச்சேன். கையிலதானுங்க. புள்ளைக துணியோட சேத்து. எனக்கும் பாக்கோணுங்களா?”

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

“பார்த்துவிடலாம்மா. நாளைக்கே.”

“காரியம் முடியட்டுமுங்க. ஆளுக வந்து போற ஊடு.”

உள்ளேயிருந்து மகள் வந்தார், இடுப்பில் குழந்தை. “அப்பாவும் இப்படித்தான் எதையாச்சும் சொல்லிட்டே இருந்தாரு. நீ நாளைக்கே கெளம்பும்மா” என்றார்.

மறுநாள் தாயும் மகளும் வந்தார்கள், நானும் கூடப் போனேன். சிறுநீரைச் சோதித்தார்கள், வயிற்றை ஸ்கேன் செய்தார்கள். மருத்துவர் காகிதங்களைப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கீங்க. தைரியமா வீட்டுக்குப் போங்க” என்றார்.

கணவரின் உடலைத் தூக்கியபோதுகூட வாய்விட்டு அழாத அந்த அம்மா, அந்த அறையில் மருத்துவரின் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மகள் தோளைத் தொட்டதும் நிமிர்ந்தார்.

“ஒருக்கா வந்து காட்டியிருந்தா, இந்த வார்த்தைய அவருகிட்டயும் சொல்லியிருப்பீங்களுங்களா?”

மருத்துவர் பொய் சொல்லவில்லை. “ஆரம்பத்துலயே வந்திருந்தா, சொல்லியிருக்கலாம்மா” என்றார்.